பாரஃபினுக்கும் தேன்மெழுகுக்கும் ஒரே அச்சு போதுமா?

மேற்குக்கடல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கு அருகே வசிக்கிறேன். எங்கள் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி, வரும் கிறிஸ்துமஸ் காலத்திற்கு முன்பாகவே வீட்டில் மெழுகுவர்த்தி வார்த்து விற்கத் தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் தேவாலயங்கள் நிறைய இருப்பதால் வெள்ளை நிறத்தில் தடித்த உருளை மெழுகுவர்த்திகளை வாங்குவோர் உண்டு. அதோடு, மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பவர்களிடமிருந்து அடைமெழுகை நேரடியாக வாங்க முடிகிறது என்பதால், சிறிய அளவில் தேன்மெழுகு வர்த்திகளும் செய்து பார்க்கும் எண்ணம் இருக்கிறது.

மெழுகை உருக்குவது பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் ஓரளவு கற்றுக்கொண்டோம். அச்சு விஷயத்தில்தான் தெளிவு கிடைக்கவில்லை. வகுப்பில் இரண்டாகப் பிரியும் அலுமினிய அச்சு ஒன்றை மட்டுமே காட்டினார்கள். அதில் கடையில் விற்கும் மெல்லிய வர்த்திகள்தான் வரும். இணையத்தில் பார்த்தால் பெரும்பாலும் சிலிகான் அச்சுகளே விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றில் ரோஜா, தேன்கூடு, குமிழ்க் கனசதுரம் (உருண்டைகளை அடுக்கியது போன்ற கனசதுரம்) என எல்லா வடிவங்களும் கிடைக்கின்றன. பாலிகார்பனேட் என்று தெளிவான பிளாஸ்டிக் உருளைகளையும் சிலர் விற்கிறார்கள். முதலீடு குறைவாக இருப்பதால் எல்லாவற்றையும் வாங்கிப் பார்க்க இயலாது.

என் கேள்விகள் இவை. உருளை வர்த்திக்கும் தேன்மெழுகு வர்த்திக்கும் பொதுவாக ஒரே வகை அச்சை வாங்கினால் போதுமா? உலோக அச்சில் மெழுகு ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் போவதற்குக் காரணம் அச்சா, மெழுகா, ஊற்றும் முறையா? வர்த்தியின் நடுவில் திரியை ஒட்டிக் குழி விழுவதைத் தவிர்க்க அச்சில் ஏதேனும் மாற்றம் செய்ய வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் குழுவினருக்குப் படித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

பழைய வார்ப்புக்காரர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அச்சை வடிவத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் ஊற்றப்போகும் மெழுகு ஆறும்போது எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு ஒட்டுகிறது என்பதையே. பாரஃபின், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் வழக்கமான மெழுகு, உருகிய நிலையிலிருந்து கெட்டியாகும்போது அதன் கன அளவில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைகிறது. இந்தச் சுருக்கம்தான் உலோக அச்சின் சுவரிலிருந்து வர்த்தியைத் தானாக விலக்கி விடுகிறது. திரியைச் சுற்றிக் குழி விழச் செய்வதும் இதே சுருக்கம்தான். ஆகவே குழி விழுவதை அச்சை மாற்றித் தடுக்க முடியாது. அதை ஊற்றும் முறையால் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் வெள்ளை உருளை வர்த்திக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது அலுமினிய உருளை அச்சு. உள்சுவரில் இணைப்புக் கோடு இல்லாததாகவும், வாய்ப்பகுதி அடிப்பகுதியைவிடச் சற்றேனும் அகலமானதாகவும் பார்த்து வாங்குங்கள். உட்புறத்தை விரலால் தடவும்போது கீறலோ நெளிவோ தட்டுப்பட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; அந்த ஒரு கீறலில்தான் ஒவ்வொரு வர்த்தியும் மாட்டிக்கொள்ளும். அச்சின் அடிப்பகுதியே வர்த்தியின் தலைப்பகுதி. அங்குள்ள துளையில் திரியைக் கோர்த்து, வெளிப்புறம் முடிச்சிட்டு, குழந்தைகள் விளையாடும் மாடலிங் களிமண்ணால் நன்றாக அடைத்துவிட்டு, மறுமுனையை வாயின் குறுக்கே வைத்த ஒரு குச்சியில் இழுத்துக் கட்ட வேண்டும். திரியை முன்கூட்டியே உருகிய மெழுகில் முக்கி, நேராக இழுத்து உலர வைத்துக்கொண்டால் அதனுள் இருக்கும் காற்று வெளியேறி விடும். வர்த்தியில் குமிழிகளும் குறையும்.

மெழுகை வாங்கும்போது அதன் உருகுநிலையைக் கேட்டு வாங்குங்கள். மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனமும் அசாமில் உள்ள நுமாலிகர் சுத்திகரிப்பு ஆலையும் பாரஃபின் மெழுகு தயாரிக்கின்றன. சந்தையில் வெளிநாட்டுச் சரக்கும் கிடைக்கிறது. எந்த ஆலையுடையது என்பதைவிட, அது 58 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும் முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட ரகமா என்பதே முக்கியம். அதைவிடக் குறைந்த உருகுநிலையும் அதிக எண்ணெய்ப் பசையும் கொண்ட மெழுகு அச்சை விட்டு எளிதில் விலகாது. நம் ஊர் வெயிலில் உயரமான வர்த்தி சாயவும் செய்யும்.

ஒரு கிலோ மெழுகுக்கு 100 கிராம் ஸ்டியரிக் அமிலம் (கொழுப்பு, எண்ணெய்களிலிருந்து எடுக்கும் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள்) சேர்த்தால் சுருக்கம் சற்றுக் கூடும், வர்த்தி அச்சிலிருந்து சுத்தமாக விலகும், ஒளி அரைகுறையாக ஊடுருவும் தோற்றம் மறைந்து பால் வெள்ளை நிறம் வரும், கெட்டித்தன்மையும் அதிகரிக்கும். முதலில் ஸ்டியரிக்கை உருக்கி, பிறகு மெழுகைச் சேர்ப்பது நல்லது. செம்புப் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அமிலம் செம்போடு வினைபுரிந்து மெழுகைப் பச்சையாக்கிவிடும். எவர்சில்வர் பாத்திரமே போதுமானது. எந்தப் பாத்திரமாயினும் நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். உருகிய மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் குழுவாக வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

இனி ஊற்றுவது. மெழுகு 80 முதல் 85 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அச்சு சில்லென்று இருந்தால் வர்த்தியின் மேல் வளையம் வளையமாகக் கோடுகள் விழும். எனவே அச்சை வெயிலில் வைத்தோ, வெந்நீரில் வெளிப்புறத்தை நனைத்தோ வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. ஈரம் இருந்த இடம் அம்மைத் தழும்பு போலப் பள்ளமாகும். அச்சைச் சாய்த்துப் பிடித்து, சுவரை ஒட்டி மெதுவாக ஊற்றிவிட்டு, ஓரிரு நிமிடம் கழித்து வெளிப்புறத்தை விரலால் தட்டினால் மாட்டிக்கொண்ட காற்று மேலே வந்துவிடும்.

மேற்பரப்பு தோல் கட்டி, அழுத்தினால் வளைந்து கொடுக்கும் நிலைக்கு வந்ததும், மெல்லிய கம்பியால் திரியை ஒட்டி இரண்டு மூன்று இடங்களில் ஆழமாகக் குத்தி விடுங்கள். உள்ளே வெற்றிடம் உருவாகிக்கொண்டிருக்கும். அதற்கு வழி திறந்து வைப்பதே இதன் நோக்கம். குத்தாமல் விட்டால் அந்த வெற்றிடம் பக்கவாட்டுச் சுவரை உள்ளே இழுத்து வர்த்தியின் உருவத்தையே கெடுக்கக்கூடும். குழி நன்றாக இறங்கிய பின், முதலில் ஊற்றியதைவிடச் சில டிகிரி கூடுதலான சூட்டில் இரண்டாம் முறை ஊற்றுங்கள். முதல் ஊற்றின் மட்டத்தை இது தாண்டவே கூடாது. தாண்டினால் புதிய மெழுகு சுவருக்கும் வர்த்திக்கும் இடையே விழுந்திருக்கும் மெல்லிய இடைவெளியில் இறங்கி இரண்டையும் ஒட்டிவிடும். ‘அச்சில் ஒட்டிக்கொண்டது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்தால் நேர்வதுதான்.

அவசரப்பட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். வெளிப்புறம் முந்தி இறுகி, உள்ளே வெடிப்பு விழும். வர்த்தி முழுமையாக அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அச்சைக் கவிழ்த்து, அடைப்பை நீக்கி, திரியின் முடிச்சை வெட்டிவிட்டால் தானே வழுக்கி விழ வேண்டும். வராவிட்டால் அப்போது மட்டும் சில நிமிடங்கள் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். கத்தியை உள்ளே விடுவது அச்சை நிரந்தரமாகப் பாழாக்கும் செயல். ஒட்டியிருக்கும் மெழுகை நீக்க வெந்நீரும் பழந்துணியும் போதும். அந்த நீரைக் கழுவுதொட்டியில் கொட்டாமல் ஆறவிட்டு, மேலே படியும் மெழுகை எடுத்துவிட்ட பிறகு வெளியே ஊற்றுங்கள்.

எண்ணெய் தடவலாமா என்ற கேள்வி அடுத்து வரும். இரண்டாகப் பிரியும் அச்சில் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைப்பது பட்டறை வழக்கம். வழவழப்பான உருளை அச்சில் ஸ்டியரிக் சேர்த்த மெழுகுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. எண்ணெய் மிகுந்தால் வர்த்தியின் பளபளப்பு போய்த் திட்டுத்திட்டாகத் தெரியும்.

வடிவ வர்த்திகளுக்குச் சிலிகான் நல்லது. ஆனால் பெரிய உருளை வர்த்திக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து.

தேனடை எழுதியது:

முந்தைய பதிவில் பாரஃபின் பற்றிச் சொன்ன அனைத்தும் சரி. தேன்மெழுகைப் பொறுத்தவரை அந்த முறையை அப்படியே பின்பற்றினால் சிக்கல்தான். தேன்மெழுகும் ஆறும்போது சுருங்கவே செய்யும். ஆனால் அதன் ஒட்டுந்தன்மை அந்தச் சுருக்கத்தை மீறி அதை உலோகச் சுவரோடு பிணைத்து வைத்துவிடுகிறது. ஐரோப்பாவில் விலங்குக் கொழுப்பு வர்த்திகளை அச்சில் வார்க்கத் தொடங்கிப் பல காலம் ஆன பின்னரும், தேவாலயங்களுக்கான தேன்மெழுகு வர்த்திகளை, தொங்கவிட்ட திரியின் மேல் கரண்டியால் ஊற்றி ஊற்றியும், பிறகு பலகையில் உருட்டியுமே செய்து வந்ததற்கு இந்த ஒட்டுந்தன்மைதான் காரணம். இன்றைக்கு வீட்டில் தேன்மெழுகை எளிதாக அச்சில் வார்க்க முடிகிறதென்றால் அது சிலிகான் வந்த பிறகுதான். எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: ஒரே வகை அச்சு போதாது. உருளைக்கு அலுமினியம், தேன்மெழுகுக்குச் சிலிகான் என்று இரண்டு வகையில் குறைந்த எண்ணிக்கையில் வாங்குங்கள்.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். 70 முதல் 75 டிகிரிக்குள் ஊற்றினால் போதும். சூடு கூடக் கூட நிறம் கருக்கும், தேன் மணமும் குறையும். இரும்பு, செம்புப் பாத்திரங்கள் தேன்மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வரே இதற்கும் ஏற்றது. ஊற்றிய பின் மின்விசிறிக் காற்று படாமல் ஒரு துணியால் மூடி மெதுவாக ஆறவிடுங்கள். வேகமாக ஆறினால் மேற்பரப்பில் நெடுக வெடிப்பு ஓடும்.

தேனீ வளர்ப்பவர்களிடம் வாங்கும் அடைமெழுகை அப்படியே அச்சில் ஊற்ற இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் தேன், பிசின், மகரந்தம், தேனீக்களின் கூட்டுத் தோல் எல்லாம் கலந்திருக்கும். தண்ணீரோடு சேர்த்து மெதுவாக உருக்கி, துணியில் வடிகட்டி, அசையாமல் ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாகக் கட்டும். அந்தத் தட்டின் அடியில் படிந்திருக்கும் பழுப்பு வண்டலைச் சுரண்டி நீக்க வேண்டும். தேவைப்பட்டால் இதை மறுபடியும் செய்யுங்கள். பிறகு நீர் இல்லாமல் உருக்கி, எஞ்சிய ஈரம் அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலுள்ள தெளிவை மட்டும் அச்சில் ஊற்றுங்கள். சிறிதளவு தேன் மிஞ்சியிருந்தாலும் அது திரியை அடைத்துக்கொள்ளும். சுடர் சிறுத்துத் துடிக்கும். பழி அச்சின்மேலும் திரியின்மேலும் விழும்.

சிலிகான் அச்சு வாங்கும்போது சமையலறைக்கென விற்கும் மெல்லிய கேக் அச்சுகளைத் தவிர்க்கலாம். மிதக்கும் பூ வர்த்தி போன்ற தட்டையான வடிவங்களுக்கு அவை பரவாயில்லை. உயரம் கூடக் கூட உள்ளிருக்கும் மெழுகின் எடை சுவரைத் தள்ளி நடுவில் பிதுங்க வைக்கும். ‘பெரிய உருளைக்குச் சிலிகான் ஏற்றதல்ல’ என்ற கருத்து இப்படிப்பட்ட மெல்லிய அச்சுகளைப் பொறுத்தவரை சரியானது. ஆனால் சுவர் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தால் பெரிய உருளையும் நேராகவே வருகிறது. பக்கவாட்டில் புடைப்புச் சித்திரமோ குறுக்கு வரிக்கோடுகளோ வேண்டுமென்றால் பிரியாத அலுமினிய உருளையில் அது இயலாது. ஆகையால் அக்கருத்தை முழுவதுமாக ஏற்க எனக்கு இயலவில்லை. சிலிகான் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் வர்த்தி ஆறுவதற்கு உலோக அச்சைவிட நேரம் கூடும். ஒரு நாளில் எத்தனை வர்த்தி எடுக்க முடியும் என்று கணக்கிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சிலிகான் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மல்லிகை வாசனை எண்ணெய் சேர்த்து வார்த்த அச்சில் அடுத்த வாரம் தேன்மெழுகை ஊற்றினால் அந்த வர்த்தியிலும் மல்லிகை மணக்கும். தேன்மெழுகு அச்சுகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். தேன்மெழுகு வர்த்தியின் மேல் சில வாரங்களில் வெண்ணிறப் பூச்சு போலப் படர்வது அச்சின் குறையல்ல. அது அம்மெழுகின் இயல்பு. மென்துணியால் துடைத்தாலோ சற்றுச் சூடான காற்றைக் காட்டினாலோ மறைந்துவிடும்.

மாடிப்பட்டறை எழுதியது:

செலவைக் குறைக்க வீட்டிலுள்ள பொருள்களையே அச்சாகப் பயன்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். அதில் எது சரிப்படும், எது படாது என்பதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் பாட்டில்கள் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கும், குழாய்களுக்கான பி.வி.சி.யும் ஏறத்தாழ 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பாரஃபினை ஊற்றும் சூடும் அதே அளவு என்பதால் பாட்டில் சுருங்கிக் கவிழ்ந்து கொதிமெழுகு மேசையில் ஓடும் அபாயம் உண்டு. பாலிகார்பனேட் அப்படியல்ல, 120 டிகிரி வரை வடிவம் மாறாமல் தாங்கும். உள்ளே மெழுகு இறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதும், வர்த்தி கண்ணாடிபோல் பளபளப்பாக வரும் என்பதும் அதன் நல்ல அம்சங்கள். ஆனால் கீறல் எளிதில் விழும், எனவே நார்த்தேய்ப்பான் வேண்டாம். வாசனை எண்ணெய்களைத் தனியாக அதன்மேல் சிந்தினால் வெடிப்பு விடலாம். எனவே நார்த்தேய்ப்பான் வேண்டாம்.

பால் அட்டைப்பெட்டி ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மிக நல்ல அச்சு; ஆறியதும் கிழித்து எடுத்துவிடலாம். சதுர வர்த்தி கிடைக்கும். பக்கங்கள் புடைக்காமல் இருக்கச் சுற்றிலும் ஒட்டுநாடாவால் கட்டிவிட வேண்டும். எவர்சில்வர் டம்ளரில், வாய் விரிந்து அடி குறுகியதாகவும் வாயில் உள்மடிப்பு இல்லாததாகவும் இருந்தால், வார்க்கலாம். அடியில் துளை இல்லாததால் நடுவில் ஒரு கம்பியை நிறுத்தி வார்த்து, ஆறும் தறுவாயில் அதை உருவி எடுத்து, அந்தத் துளையில் பிறகு திரியைக் கோர்ப்பது வழி. கண்ணாடி டம்ளரை வார்ப்பு அச்சாகப் பயன்படுத்த வேண்டாம். வர்த்தி வராவிட்டால் உடைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

பயிற்சி வகுப்பில் காட்டிய இரண்டாகப் பிரியும் அச்சையும் ஒதுக்கிவிடாதீர்கள். மெல்லிய வர்த்திகளை ஒரே நேரத்தில் வரிசையாக வார்த்து, அச்சோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கி விரைவாக ஆறவைக்க முடிவதால், தேவாலயத் திருவிழாக்களுக்கு மொத்தமாகக் கேட்பவர்களுக்கு அதுவே கட்டுப்படியாகும். வாங்கும்போது இரண்டு பாகங்களையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் மெழுகு கசிந்து ஒவ்வொரு வர்த்தியிலும் விளிம்பு நிற்கும். அதைச் சீவுவதற்கே ஒரு ஆள் தேவைப்படும்.

மேற்குக்கடல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அலுமினிய உருளை ஒன்றிரண்டும் தேன்மெழுகுக்குச் சிலிகானும் வாங்குவது என்று முடிவுக்கு வந்திருக்கிறோம். மேலும் மூன்று ஐயங்கள் உள்ளன. ஸ்டியரிக் அமிலம் கலந்த மெழுகைச் சிலிகான் அச்சில் ஊற்றலாமா? ஓர் அச்சுக்கு எவ்வளவு மெழுகு தேவை என்பதை எப்படிக் கணக்கிடுவது? எங்கள் குழுவில் ஒருவரின் கணவர் மரச்சிற்ப வேலை செய்பவர்; அவர் செதுக்கித் தரும் சிறிய சிலுவை வடிவத்தை வைத்து நாங்களே சிலிகான் அச்சு செய்துகொள்ள முடியுமா?

தேனடை எழுதியது:

சிலிகானுக்கு ஸ்டியரிக் வேண்டாம். உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தும்போது அச்சின் உட்புறம் மெல்ல மெல்ல விறைத்து, நுணுக்கமான இடங்கள் பிய்ந்துபோகத் தொடங்கும். வளைந்து கொடுக்கும் அச்சுக்கு அந்த உதவி தேவையும் இல்லை. பாரஃபினைச் சிலிகானில் வார்ப்பதானால் வெறும் மெழுகாகவே, 75 முதல் 80 டிகிரியில் ஊற்றுங்கள்.

அச்சு செய்வது முடியும். இரண்டு புட்டிகளாக வரும், அறைச் சூட்டில் இறுகும் சிலிகான் கடைகளில் கிடைக்கிறது. அதில் இரு வகை உண்டு. வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது மலிவானது, இறுகிய பின் மிகச் சிறிதளவு சுருங்கும், ஆயுளும் குறைவு. பிளாட்டினத்தால் இறுகுவது விலை கூடியது, அனேகமாகச் சுருங்காது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கந்தகம் கலந்த களிமண், இயற்கை ரப்பர் கையுறை, வெள்ளீய வகைச் சிலிகானின் மிச்சம் ஆகியவற்றில் எது பட்டாலும் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். கலக்கும் குச்சியும் கிண்ணமும் புதிதாக இருக்கட்டும். இரண்டு வகையிலும் ‘ஷோர் ஏ’ அளவுகோலில் 20 முதல் 30 வரை கெட்டித்தன்மை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் கெட்டியானால் சிலுவையின் கைகளை முறிக்காமல் வர்த்தியை எடுப்பது கடினம்.

மரச்சிற்பத்துக்கு முதலில் வார்னிஷ் பூசி மரத்துளைகளை முழுவதும் அடைத்து, நன்கு உலர்ந்த பிறகு சிலிகான் ஒட்டாமலிருக்க உரிய தெளிப்பானை அடித்துக்கொள்ளுங்கள். மரத்தின் ரேகை தெரிந்தால் அதே ரேகை ஒவ்வொரு வர்த்தியிலும் வரும். சிலர் அதை விரும்பவும் செய்கிறார்கள். சிற்பத்தின் அடிப்பகுதியை ஒரு பெட்டியின் தரையில் பசையிட்டு நிறுத்தி, சுற்றிலும் மேலேயும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்குமாறு பெட்டிச் சுவர்களை அமையுங்கள். எவ்வளவு சிலிகான் வேண்டும் என்பதற்கு, பெட்டியின் கன அளவிலிருந்து சிற்பத்தின் கன அளவைக் கழித்து 1.15-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ கிராம் கணக்குக் கிடைக்கும். 8 செ.மீ. சதுரமும் 12 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டி 768 மி.லி. கொள்ளும். சிற்பம் 200 மி.லி. என்றால் மீதி 568. அதாவது சுமார் 650 கிராம் சிலிகான் தேவை.

இரண்டு பாகங்களையும் புட்டியில் குறிப்பிட்ட விகிதப்படி தராசில் நிறுத்துக் கலந்து, பெட்டியின் ஒரு மூலையில், சற்று உயரத்திலிருந்து நூல்போல ஒழுகுமாறு ஊற்றுங்கள். அது தானே சிற்பத்தைச் சுற்றி ஏறி மூடும்போது காற்றை முன்னே தள்ளிக்கொண்டு போகும். வெள்ளீய வகையை ஒரு நாள் இறுகவிட்டு எடுத்தாலும் உடனே சூடான மெழுகை ஊற்றாமல், உள்ளிருக்கும் ஆல்கஹால் ஆவியாகச் சில நாள் திறந்து வைக்க வேண்டும்.

சிலுவைக்குக் குறுக்குக் கைகள் இருப்பதால் அச்சின் ஒரு பக்கத்தைப் பிளந்தே ஆக வேண்டும். கூரான பிளேடால், நேர்கோடாக அல்லாமல் நெளிநெளியாக, மேல் வாயிலிருந்து முக்கால் ஆழம் வரை வெட்டுங்கள். நெளிவு இருந்தால் இரு விளிம்புகளும் மீண்டும் அதே இடத்தில் சரியாகப் பொருந்தும். வார்க்கும்போது இருபுறமும் அட்டை வைத்து ரப்பர் வளையம் போடுங்கள். அட்டை இல்லாமல் வளையத்தை மட்டும் இறுக்கினால் அச்சு இடுப்பொடிந்து நிற்கும். திரிக்கு, தடித்த ஊசியால் அச்சின் அடியில் குத்திக் கோர்த்தாலே போதும். சிலிகான் தானே ஊசித்துளையை மூடிக்கொள்ளும், களிமண் அடைப்புத் தேவைப்படாது.

பழைய வார்ப்புக்காரர் எழுதியது:

சிலிகான் பற்றித் தேனடை சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். தடித்த சுவருள்ள அச்சுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மெழுகின் அளவுக்கு எளிய வழி: அச்சில் தண்ணீர் நிரப்பி அதை அளந்து, மில்லிலிட்டரை 0.9-ஆல் பெருக்குங்கள், தேவையான மெழுகின் எடை கிராமில் கிடைக்கும். 7 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள உருளை 385 மி.லி. கொள்ளும்; அதற்கு ஏறத்தாழ 345 கிராம் மெழுகு. ஆனால் உருகிய மெழுகு இலேசாக இருப்பதால் முதல் ஊற்றில் சுமார் 300 கிராமே உள்ளே போகும்; மீதியுள்ள நாற்பது, ஐம்பது கிராம்தான் நீங்கள் இரண்டாம் முறை ஊற்ற எடுத்து வைக்க வேண்டியது. ஒரே நாளில் பல அச்சுகளை வார்க்கும்போது இந்த மீதியை ஒதுக்க மறந்தால், வண்ண மெழுகில் இரண்டாம் ஊற்றின் நிறம் முதலாவதோடு ஒத்துப்போகாது. அளந்த பின் அச்சை முழுமையாக உலர்த்துங்கள்.

சிலுவை வர்த்தியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அச்சில் அழகாக வரும் எல்லா வடிவமும் அழகாக எரியாது. திரி ஒன்று குறிப்பிட்ட விட்டம் வரையே மெழுகை உருக்கும். சிலுவையின் நடுத்தண்டுக்கு ஏற்ற திரியைப் போட்டால் குறுக்குக் கைகள் உருகாமல் நின்று, பிறகு சரிந்து விழும்; கைகளும் உருகட்டும் என்று பெரிய திரியைப் போட்டால் தண்டின் சுவர் உடைந்து மெழுகு வழிந்தோடும். குமிழ்க் கனசதுரத்துக்கும் இதே கதைதான். வெளிப்புறக் குமிழ்கள் மெழுகுக் குளத்துக்கு வெளியே நின்றுவிடும். திரியைத் தண்டின் அகலத்துக்கே தேர்ந்தெடுங்கள். பாரஃபினுக்குத் தட்டைப் பின்னல் திரியும், தேன்மெழுகுக்குச் சதுரப் பின்னல் திரியும் போடுங்கள். தேன்மெழுகு கெட்டியாகவும் பிசுப்பாகவும் இருப்பதால் அதற்கு ஒரு அளவு தடித்ததே வேண்டியிருக்கும்.

ஆகவே சிலுவையை முழுத் தொகுதியாக வார்ப்பதற்கு முன், ஒரே அச்சில் மூன்று அளவுத் திரிகளோடு ஒவ்வொன்று வார்த்து, ஒரு நாள் கழித்து, காற்றில்லாத அறையில் தட்டின் மேல் வைத்து அடிவரை எரித்துப் பாருங்கள். கைகள் எப்போது சரிகின்றன என்பதைக் கவனித்து, தேவைப்பட்டால் சிற்பக்காரரிடம் கைகளைக் குட்டையாகவும் தண்டைத் தடிப்பாகவும் மாற்றிச் செதுக்கச் சொல்லுங்கள். சிலிகான் வாங்கும் செலவுக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அலுமினிய உருளையில் வார்த்த வர்த்தி ஒன்றைக் கத்தியால் அந்த வடிவத்துக்குச் சீவி எரித்துப் பார்த்தாலே போதும்.